கிளியும் கிளிமூக்குப் பூவும்

மாங்காய் வகைகளுள் ஒன்றைக் கிளிமூக்கு மாங்காய் என்று தமிழ்நாட்டார் வழங்குவர். அதன் நுனி கிளியின் அலகைப்போல வளைந்து கூர்மையாய் இருத்தலே அப்பெயருக்குக் காரணமாகும். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செந்தீப்போலப் பூத்து நிற்கும் புரசமரத்தின் பூவிற்கு வடமொழியாளர் கிஞ்சுகம் என்று பெயரிட்டனர். ‘இது கிளியோ?’ என்று ஐயுற்று வினவுவதாக அமைந்தது அச்சொல் என்பர். புதிதாகக் கண்ட பொருளை முன்பே பழகிய பொருளோடு ஒப்பிட்டுப் பெயரிடுதல் மக்கட்கு எங்கும் இயல்பே. கடல் பல கடந்து, தென்பசிபிக்குப் பெருங்கடலின் நடுவே வாழும் மாவோரி மக்களும் தம் நாட்டுச் செம்பூ ஒன்றனைக் கண்டபோது கிளியின் அலகையே நினைந்தனர். அதனையே அப்பூவிற்குப் பெயராகவும் இட்டனர்.

பெயர் தந்த கிளியும் பெயர் பெற்ற செடியும் ஒரே நாட்டில் பிறந்தவை. ஒரே வகைப் பகையால் நலிந்தவை. எனினும், அவற்றைக் காக்கும் முறை ஒன்றாக இல்லை. அம்முறையால் விளைந்த பயனும் ஒன்றாக இல்லை. இவ்விரண்டனையும் அருகருகே வைத்து நோக்கினால், ஓருயிர் எவ்வாறு அருகிப்போகின்றது என்பதும், அதனை மீட்க வேண்டுவோர் எதனை முதலில் அறிதல் வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பெயரின் பொருள்

நியூசிலாந்து என்பது ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே, கடல்வழியாக ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாடு. வடதீவு, தென்தீவு என்னும் பெருந்தீவுகள் இரண்டும், சிறுதீவுகள் பலவும் அதன்கண் உள்ளன. அந்நாட்டின் பழங்குடிகள் மாவோரி மக்கள். அவர்கள் தம் காட்டில் வாழும் பெருங்கிளி ஒன்றனைக் ‘காக்கா’ என்று அழைக்கின்றனர்.

தமிழ் மாணவர்க்கு இப்பெயர் நகைப்பை விளைத்தல் கூடும். தமிழில் காக்கா என்பது காகத்தைக் குறிக்கும். மாவோரி மொழியிலோ அது கிளியைக் குறிக்கும். ஆயினும், பெயர் பிறந்த வகையில் இரண்டும் உறவுடையனவே. காகம் ‘கா, கா’ என்று கரைதலால் அப்பெயர் பெற்றது. அக்கிளியும் உரத்த குரலில் கத்துதலால் அப்பெயர் பெற்றது. மொழிகள் வேறாயினும், பறவையின் குரலைக் கேட்டு அதற்குப் பெயரிட்ட செவி ஒன்றே எனலாம். இரவில் நடமாடும் மற்றொரு கிளியை மாவோரி மக்கள் காக்காப்போ என்பர். ‘போ’ என்பதற்கு அவர்கள் மொழியில் இரவு என்பது பொருள்.

இனிச் செடியின் பெயரைக் காண்போம். ‘ஙுத்து’ என்னும் மாவோரிச் சொல்லுக்கு அலகு என்பது பொருள். சொல்லின் முதலில் ஙகரம் நிற்றல் தமிழில் மிக அரிது. மாவோரி மொழியிலோ அது வெகு இயல்பு. காக்காவின் அலகை ஒத்த பூவையுடைய செடி ஆதலின், ‘ஙுத்துகாக்கா’ என்று அதனை அழைத்தனர். பின்னர் அந்நாட்டில் குடியேறிய ஆங்கிலேயரும் அப்பொருளையே தம் மொழியில் பெயர்த்து வழங்கினர். பாடத்தின் எளிமை கருதி இங்கே அதனைக் கிளிமூக்குச் செடி என்றே குறிப்போம்.

கிளியின் இயல்பு

காக்காக் கிளி, நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக் கிளியினும் உடலாற் பெரியது. அலகு முதல் வால்நுனி வரை அளந்தால் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இருக்கும். எடை அரைக் கிலோகிராம் அளவினது. கிளை மீது அமர்ந்திருக்கும்போது அதன் உடல் மங்கிய பழுப்பு நிறமாகத் தோன்றும். அது சிறகை விரித்துப் பறக்குங்கால், சிறகின் அடிப்புறத்திலுள்ள செந்நிறம் திடீரென ஒளிரும். இச்செந்நிற இறகுகளை மாவோரி மக்கள் முற்காலத்தில் பெருமக்கள் அணியும் மேலாடைகளில் வைத்து நெய்தனர்.

அதன் அலகு வலிமை மிக்கது. மேலலகு நீண்டு, கீழ்நோக்கி வளைந்து, நுனியிற் கூர்மையுற்றிருக்கும். அவ்வலகால் பட்டுப்போன மரத்தைப் பிளந்து உள்ளிருக்கும் கொழுத்த புழுக்களை எடுக்கும். உயிருள்ள மரத்தின் பட்டையைக் கீறி, ஊறிவரும் சாற்றைப் பருகும். வலிய அலகினுள் மெல்லிய நாவொன்று உண்டு. அந்நாவின் நுனி தூரிகையைப்போல மயிரிழைகள் நிறைந்தது. பூக்களிலுள்ள தேனை நக்கி உண்பதற்கு அந்நா பெரிதும் உதவுகின்றது. பழமும் விதையும் அதற்கு உணவே.

பெருமரங்களின் பொந்துகளில் காக்காக் கிளி கூடு அமைக்கும். பெண்பறவை நான்கு முட்டை அளவில் இட்டு, ஏறத்தாழ 24 நாள் அடைகாக்கும். அந்நாட்களில் ஆண்பறவை இரை கொணர்ந்து ஊட்டும். பொரித்த குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறப் பத்து வாரம் வரை செல்லும். வெளியேறிய பின்னரும் நன்கு பறக்கவியலாமல் சில நாள் தரையிலேயே திரியும். முட்டையிட்ட நாள் முதல் குஞ்சு பறக்கும் நாள் வரையுள்ள மூன்று திங்களே இப்பறவையின் வாழ்வில் மிகவும் இடரான காலம். இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

செடியின் இயல்பு

கிளிமூக்குச் செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்புதர். இரண்டு மீட்டருக்கு மேலும் அது உயர்ந்து வளரும். அதன் இலை, அகத்தியின் இலையைப்போலச் சிற்றிலைகள் பல இரு வரிசையாக அமைந்த கூட்டிலை. அகத்தியும் அவரைக் குடும்பத்ததே ஆதலின், அகத்திப்பூவை அறிந்தவர் கிளிமூக்குப் பூவின் அமைப்பை எளிதில் உணரலாம்.

அவரை, அகத்தி முதலியவற்றின் பூவில் ஐந்து இதழ்கள் உள்ளன. மேலே அகன்று நிற்பது ஒன்று. அதனைக் கொடியிதழ் என்பர். பக்கத்திற்கு ஒன்றாக இருப்பவை சிறகிதழ்கள். கீழே ஒன்றோடொன்று பொருந்திப் படகுபோல் அமைந்தவை எஞ்சிய இரண்டும்; அவற்றைப் படகிதழ் என்பர். கிளிமூக்குப் பூவில் இப்படகிதழே நீண்டு, கீழ்நோக்கி வளைந்து, கூர்நுனி பெற்று, காக்காவின் மேலலகை ஒத்திருக்கின்றது. கொடியிதழ் மேல்நோக்கி மடிந்து நிற்கும். ஒரு பூவின் நீளம் எட்டுச் சென்டிமீட்டர் வரை இருக்கும். இத்தகைய பூக்கள் பல ஒரு காம்பிற் கொத்தாகத் தொங்கும். குளிர்காலத்தின் இறுதியில் அப்புதர் பூத்து நிற்கும்போது, கிளைதோறும் செங்கிளிகள் தலைகீழாகத் தொங்குவது போன்ற தோற்றத்தைத் தரும். டூயி, மணிப்பறவை என்னும் தேனுண்ணும் பறவைகள் அப்பூக்களை நாடி வரும்.

இச்செடி நீண்ட நாள் வாழ்வதன்று. அடர்ந்த காட்டின் நிழலிலும் அது தழைப்பதில்லை. மண்சரிந்த மலைச்சரிவு, பாறை விளிம்பு, ஆற்றங்கரை, காட்டின் ஓரம் ஆகிய திறந்த வெளிகளே அதற்கு உரிய இடங்கள். அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றைப்போல, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்டிரசனை உரமாக்கிக்கொள்ள வல்லது ஆதலின், வளமற்ற புதுமண்ணிலும் அது விரைந்து முளைக்கும். பிற மரங்கள் ஓங்கி நிழல் செய்யும்போது அது மடியும். எனினும், மடிவதற்கு முன் விதைகள் பலவற்றை மண்ணிற் சிந்திவிடும். அவ்விதைகளின் தோல் கடினமானது. அவை பல்லாண்டுகள் மண்ணுள் உறங்கிக் கிடந்து, மீண்டும் நிலம் சரிந்து வெயில் படுங்காலத்து முளைத்தெழும்.

மாவோரி மக்கள் இதன் அழகிற்காகத் தம் குடியிருப்புகளின் அருகே இதனை நட்டு வளர்த்தனர். 1769ஆம் ஆண்டில் குக்கு என்னும் மாலுமியின் கப்பலில் வந்த பேங்குசு, சோலாந்தர் என்னும் இயற்கை நூலறிஞர் இருவர் வடதீவின் கிழக்குக் கரையில் இச்செடியைக் கண்டு, அதன் கிளைகளை உலர்த்தி எடுத்துச் சென்றனர். 1831ஆம் ஆண்டளவில் இதன் விதை இங்கிலாந்தை அடைந்தது. அங்குள்ள செல்வர்தம் தோட்டங்களில் இது பெருஞ்சிறப்புப் பெற்றது. செடிநூலார் இதற்குச் சூட்டிய ‘கிளையாந்தசு’ என்னும் கிரேக்கப் பெயருக்குப் ‘புகழ்ப்பூ’ என்பது பொருள். இதில் சிறுவகை, பெருவகை என இரு வகை உண்டு.

வந்து சேர்ந்த பகை

நியூசிலாந்து ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் பெருநிலப்பரப்பினின்றும் பிரிந்து தனித்த நாடு. வௌவால்களைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி வேறொன்றும் மக்கள் வருமுன் அங்கு இல்லை. நாயில்லை; பூனையில்லை; எலியில்லை; ஆடு மாடுகளும் இல்லை. ஆதலின், அந்நாட்டின் உயிர்கள் வானிலிருந்து பார்த்துப் பாயும் பருந்து முதலிய பறவைகளிடமிருந்து தப்பும் வழியை அறிந்திருந்தன. மோப்பம் பிடித்து ஊர்ந்து வரும் விலங்கினின்றும் தப்பும் வழியை அறிந்தில. மரப்பொந்து பருந்தின் கண்ணுக்கு மறைவிடம். மோப்பம் பிடிக்கும் விலங்குக்கோ அது ஒற்றை வாயில் உடைய பொறி. கிளிமூக்குச் செடிக்கு முள்ளில்லை, இலையும் மென்மையானது. தாவித் தழை மேயும் வெள்ளாடு இல்லாத நாட்டில் முள் எதற்கு?

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் மாவோரி மக்கள் கடல் கடந்து வந்தபோது, அவர்களோடு நாயும் ஒருவகை எலியும் வந்தன. ஐரோப்பியர் வந்தபின் இந்நிலை மிகக் கடுமையாயிற்று. 1770களில் குக்கின் கப்பல்கள் வெள்ளாடுகளை அங்கே இறக்கின. 1851ஆம் ஆண்டு முதல் வேட்டை விருப்பினர் மான்களைக் கொணர்ந்தனர். மென்மயிர் வாணிகத்தின் பொருட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து போசம் என்னும் மரமேறும் விலங்கு கொணரப்பட்டது. 1858 முதல் அது அங்கே நிலைத்துப் பெருகியது. முயலும் வந்தது. முயல்கள் அளவின்றிப் பெருகிப் புல்வெளிகளை அழித்தபோது, அவற்றை அடக்குவதற்காக 1880களில் ஸ்டோட் என்னும் விலங்கைக் கொண்டுவந்து விட்டனர். ஸ்டோட் என்பது நம் கீரியைப்போல் நீண்டு மெலிந்த உடலும், விரைவும், மரமேறும் வன்மையும் உடைய சிறிய ஊனுண்ணி. அது பறவைகளை அழிக்கும் என்று அந்நாளிலேயே எச்சரித்த அறிஞர் சிலர் உண்டு. அவர்தம் சொல் அம்பலம் ஏறவில்லை. முயலை அடக்க வந்த ஸ்டோட் காடு புகுந்து, பறக்கும் குஞ்சையும் பறவாக் குஞ்சையும் உண்டது.

இவற்றோடு, பெருமரக் காடுகள் வெட்டப்பட்டு மேய்ச்சல் நிலங்களாயின. பொந்துள்ள முதுமரங்கள் குறைந்தன. பீச்சு என்னும் மரக்காடுகளில், பட்டையில் வாழும் பூச்சிகள் கசியவிடும் இனிய நீர்த்துளிகள் காக்காவுக்குச் சிறந்த உணவு. 1940கள் முதல் வெளிநாட்டுக் குளவிகள் அந்நாட்டிற் பரவி, அவ்வினிப்பையும் கவர்ந்துகொண்டன.

முதுமையின் மறைவில் நேர்ந்த கேடு

இவ்விடத்து ஒரு நுட்பம் அறியத்தக்கது. காக்காக் கிளி இருபது ஆண்டுக்கு மேலும் வாழ வல்லது. ஸ்டோட் பெரும்பாலும் கொல்வது பொந்தினுள் அடைகாக்கும் பெண்பறவையையும் குஞ்சுகளையுமே. வெளியே இரை தேடும் ஆண்பறவை தப்பிவிடும். ஆகவே, காட்டில் நடப்போர்க்குக் கிளிகள் பறப்பது தெரியும். அவற்றின் குரலும் கேட்கும். ‘கிளிகள்தாம் இருக்கின்றனவே’ என்று அவர்கள் அமைதி கொள்வர். ஆனால், பறப்பவற்றுட் பெரும்பாலானவை முதிர்ந்த ஆண்பறவைகளே. பெண்பறவை அருகி, குஞ்சு ஒன்றும் இல்லாத அக்கூட்டம், விளக்கில் எண்ணெய் வற்றியபின் திரியே எரிவதுபோல் எரிந்து அவியும் நிலையது.

செடிக்கும் நேர்ந்தது இதுவே. வெள்ளாடும் மானும் எட்டக்கூடிய இடமெங்கும் கிளிமூக்குச் செடி மேயப்பட்டது. அவை எட்டாத செங்குத்துப் பாறை முகடுகளில் மட்டும் சில புதர்கள் எஞ்சின. மலையடிவாரத்தில் நின்று மேலே நோக்குவோர்க்கு அவை செம்மையாகப் பூத்துத் தோன்றும். ஆனால், அவற்றினின்றும் விழும் விதை கீழே முளைத்தவுடன் மேயப்படுகின்றது. நத்தையும் முயலும் இளநாற்றைத் தின்னும். வெளிநாட்டுக் களைகள் அதனை நெருக்கும். தாய்ச்செடியோ குறைந்த வாழ்நாள் உடையது. ஆகவே, பூ உண்டு, வழித்தோன்றல் இல்லை.

இதனால் அறியப்படுவது யாது? ஓர் உயிரினம் அழியுங்கால், முதியவை மடிவதால் அழிவதன்று; இளையவை தோன்றாமையால் அழிகின்றது. எத்துணை நிற்கின்றன என்று எண்ணுவோர் ஏமாறுவர். எத்துணை பிறந்து வளர்கின்றன என்று எண்ணுவோரே உண்மை காண்பர். பறவையும் செடியும் வெவ்வேறு குலத்தன ஆயினும், இவ்வகையில் அவற்றின் நோய் ஒன்றே.

காவல் முறைகள்

நோய் ஒன்றாயினும் மருந்து ஒன்றன்று. கிளிக்கு வேண்டுவது அடைகாக்கும் மூன்று திங்களில் அச்சமின்மை. அதனை இருவகையால் அளிக்க முயன்றனர். ஒன்று, பகை விலங்குகளை அறவே நீக்கிய தீவுகளைக் காவலிடமாக ஆக்குதல். வடதீவின் அருகே உள்ள காபிட்டித் தீவு 1897ஆம் ஆண்டு முதல் காவலிடமாக உள்ளது. 1980களில் போசங்களும், 1990களில் எலிகளும் அங்கிருந்து முழுதும் நீக்கப்பட்டன. இன்று அத்தீவிற் காக்காக் கிளிகள் அச்சமின்றி வாழ்கின்றன.

மற்றொன்று, நிலத்தின் நடுவே தீவு ஒன்றனைப் படைத்தல். நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டன் நகரத்தில், முன்னர் நகருக்குக் குடிநீர் தந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதனைச் சுற்றி 8.6 கிலோமீட்டர் நீளமுள்ள வேலி ஒன்றை 1999ஆம் ஆண்டில் அமைத்து முடித்தனர். ஏறவும் இயலாது, அடியில் தோண்டிப் புகவும் இயலாது, சிறு துளையில் நுழையவும் இயலாது என்னும்படி அவ்வேலி அமைந்தது. உள்ளிருந்த 225 எக்டேர் நிலத்திலிருந்து ஊனுண்ணி விலங்குகள் நீக்கப்பட்டன. சீலாந்தியா என்பது அக்காவலிடத்தின் இன்றைய பெயர்.

வெலிங்டன் நகரில் காக்காவின் குரல் ஒழிந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. 2002ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை பதினான்கு கிளிகளை அப்பள்ளத்தாக்கில் விட்டனர். பொந்துள்ள முதுமரம் இன்மையால் மரப்பெட்டிகளைக் கூடுகளாக அமைத்துக் கொடுத்தனர். கிளிகள் அவற்றை ஏற்றுக் குஞ்சு பொரித்தன. வேலி விலங்கைத் தடுக்கும், பறவையைத் தடுக்குமோ? பெருகிய கிளிகள் வேலியைக் கடந்து நகரெங்கும் பறந்தன. பதினான்காகத் தொடங்கிய கூட்டம் பல நூறாகப் பெருகிற்று. இன்று வெலிங்டன் மக்கள் தம் வீட்டு மாடியிலிருந்தே காக்காவைக் காண்கின்றனர்.

அப்பேற்றிலும் சில தொல்லைகள் உண்டு. கிளிகள் பூங்கா மரங்களின் பட்டையை உரித்துவிடுகின்றன. அன்பு மிகுதியால் மக்கள் ரொட்டியும் கொட்டைகளும் கொடுக்க, அவற்றை உண்ட தாய்ப்பறவை அவற்றையே ஊட்டுதலால், குஞ்சுகளின் எலும்பு வலுவிழந்து வளைந்தது. உணவு கொடாதிருத்தலே உண்மையான அன்பு என்று காவலர் எடுத்துரைக்கின்றனர். காப்பது வேறு, செல்லம் கொடுப்பது வேறு.

செடியைக் காக்கும் முறை வேறு வகையினது. கிளிக்கு மூன்று திங்கட் காவல் போதும். செடிக்கோ முளைத்த நாள் முதல் மடியும் நாள் வரை காவல் வேண்டும். அது ஓடவும் அறியாது, பறக்கவும் அறியாது. ஆதலின், எஞ்சிய செடிகளைச் சுற்றி வேலியிட்டனர். ஆடுகளையும் மான்களையும் குறைத்தனர். பாறைச் செடிகளின் விதைகளைத் தாய்ச்செடி வாரியாகச் சேர்த்து நாற்றங்கால்களில் முளைக்கவிட்டனர். வடதீவின் கிழக்குக் கரையில் வாழும் மாவோரி மக்கள் தம் ஊர்ப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு, சாலையோரங்களிலும் குடியிருப்புகளிலும் தம் மண்ணுக்கே உரிய நாற்றுகளை நட்டு வருகின்றனர்.

மற்றொரு முறை கேட்போர்க்கு வியப்பளிப்பது. மனிதன் ஏறவியலாத செங்குத்துப் பாறைகளில் விதைப்பது எவ்வாறு? ஹாக்ஸ் பே என்னும் வட்டாரத்தில், துப்பாக்கித் தோட்டாவில் ஈயக் குண்டுகளோடு கிளிமூக்கு விதைகளையும் கலந்து நிரப்பி, ஹெலிகாப்டரில் பறந்து சென்று பாறைப் பிளவுகளில் சுடுகின்றனர். கடினமான தோலுடைய விதைகள் வெடியதிர்ச்சிக்கும் அழியாது பிளவுகளிற் பதிகின்றன. உயிரைக் கொல்லப் படைத்த கருவி உயிரை விதைக்கப் பயன்படுவது இக்காலத்து விந்தைகளுள் ஒன்று.

வேற்றுமையும் அதன் பொருளும்

இரண்டையும் ஒப்பிட்டு நோக்கும்போது முரண் ஒன்று புலனாகின்றது. கிளிமூக்குச் செடியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நியூசிலாந்தின் வீட்டுத் தோட்டங்களிலும் நாற்றுக் கடைகளிலும் அது மலிந்து கிடக்கின்றது. வெளிநாட்டுத் தோட்டங்களிலும் அதனைக் காணலாம். ஆனால், காட்டில் தானே முளைத்து நிற்பனவற்றை எண்ணினால், பெருவகைச் செடிகள் 2010களில் ஏறத்தாழ நூறு என்னும் அளவினவே. சிறுவகையோ கைப்பாரா என்னும் கடற்கழியிலுள்ள மோட்டுரெமு என்னும் சிறுதீவு ஒன்றில்மட்டும் காட்டுச் செடியாய் எஞ்சியது. அந்நாட்டுச் செடிநூலார் இருவகையையும் மிகக் கொடிய இடருற்றவை என்னும் வரிசையில் வைத்துள்ளனர்.

தோட்டத்தில் ஆயிரம் நிற்கையில் காட்டில் நூறு குறைந்தால் என்ன என்று சிலர் வினவலாம். தோட்டச் செடிகளிற் பெரும்பாலானவை ஒருசில தாய்ச்செடிகளின் வழிவந்தவை. ஒருதாய் மக்களைப்போல அவை தம்முள் ஒத்திருக்கும். ஒன்றனைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். காட்டுச் செடிகளோ இடத்திற்கு இடம் வேறுபட்ட தன்மைகளைத் தம் விதையில் வைத்துள்ளன. ஒரு பாறையில் நிற்பது வறட்சியைத் தாங்கும். மற்றொன்றில் நிற்பது குளிரைத் தாங்கும். அவ்வேறுபாடே ஓரினத்தின் முதற்பொருள். தோட்டக்காரன் நீரூற்ற மறந்த அன்றே வாடும் செடி, தன் காலில் நிற்கும் செடி ஆகாது.

கிளியின் நிலை இதற்கு மறுதலை. நகரத்து மாடியில் காணப்படும் காக்கா, கூண்டில் வளர்ப்பது அன்று. மக்கள் இரை கொடுக்க வாழ்வதும் அன்று. தானே இரை தேடி, தானே துணை தேடி, தானே குஞ்சு பொரிக்கும் காட்டுப் பறவையே நகருக்கு வந்துள்ளது. அஃதாவது, நகரிற் காணும் கிளி காட்டுக்கு உரியது. நகரிற் காணும் செடியோ தோட்டத்துக்கு உரியது. ஓருயிர் கண்ணுக்குத் தெரிகின்றது என்பது மட்டும் அது வாழ்கின்றது என்பதற்குச் சான்றாகாது. தானே தன் இனத்தைப் பெருக்க வல்லதாய் இருத்தலே வாழ்வாகும்.

எனினும், செடிக்குக் கிளியிடம் இல்லாத வலிமை ஒன்று உண்டு. முட்டை காத்திராது, சில வாரங்களிற் பொரிக்கவில்லையாயின் அது கெடும். விதை காத்திருக்கும். ஆடுகள் அனைத்தையும் மேய்ந்துவிட்ட மலைச்சரிவிலும், மண்ணுக்குள் பழைய விதைகள் உறங்கிக்கொண்டிருத்தல் கூடும். ஆடுகள் வாராத காலம் வந்து, நிலம் புரண்டு வெயில் பட்டால் அவை தாமே முளைக்கும். ஆதலின், கிளியைக் காப்போர்க்கு விரைவு வேண்டும். செடியைக் காப்போர்க்கு விரைவோடு பொறுமையும் வேண்டும்.

2016ஆம் ஆண்டில் நியூசிலாந்து அரசு, எலி, ஸ்டோட், போசம் ஆகிய மூன்றனையும் 2050ஆம் ஆண்டிற்குள் நாட்டினின்றும் முற்றும் நீக்குவது என்னும் குறிக்கோளை அறிவித்தது. அது நிறைவேறின் கிளிக்குப் பெருநன்மை விளையும். ஆனால், ஆடும் மானும் அம்மூன்றனுள் அடங்கா. ஆகவே, கிளியின் பகை ஒழிந்த நாளிலும் செடியின் பகை ஒழிந்ததாகாது. ஒன்றனைக் காத்தால் மற்றொன்றும் தானே காக்கப்பட்டுவிடும் என்று எண்ணியிருத்தல் பிழை. ஒவ்வோர் உயிரின் இயல்பையும் தனித்தனியே அறிந்து, அதற்கேற்ற காவலைச் செய்தல் வேண்டும்.

கிளியின் அலகைப் பூவிற் கண்ட மாவோரி முன்னோர் இரண்டையும் ஒருங்கே அறிந்தவர்கள். கிளி அழிந்துவிட்டால், அப்பூவிற்கு ஏன் அப்பெயர் வந்தது என்பதை வருங்காலச் சிறுவர் உணரார். பூ அழிந்துவிட்டால், பெயர்மட்டும் அகராதியில் எஞ்சும். வெலிங்டன் நகரத்துச் சிறுவர் இன்று பள்ளிக்குச் செல்லும் வழியில், தம் பாட்டன்மார் தம் இளமையில் கேட்டறியாத கிளியின் குரலைக் கேட்கின்றனர். கிழக்குக் கரைச் சிறுவரோ தம் கையால் நட்ட நாற்று மீண்டும் மலையேறும் நாளை எதிர்நோக்கியுள்ளனர். அந்நாள் வருமாயின், கிளியும் கிளிமூக்குப் பூவும் தம் பழைய காட்டில் மீண்டும் ஒன்றையொன்று காணும்.